அடுப்பு ஆறிய நாலு நாள்

பேக்கரி அடுப்பை அணைப்பது லேசுப்பட்ட காரியமில்லை. வீட்டு அடுப்பா என்ன, கேஸ் திருகை மூடிவிட்டுப் போய்ப் படுக்க? ஒரு ஆள் தவழ்ந்து உள்ளே போகிற அளவுக்குச் செங்கல்லால் கட்டிய கூடு அது. ஒருமுறை சூடேறிவிட்டால் இறங்கவே விடக்கூடாது. மாஸ்டர் கடையில் அந்த அடுப்பு முழுசாக ஆறியது அவருடைய அப்பா செத்தபோதுதான். அதற்கப்புறம் இப்போது, உள்கூரையில் நாலைந்து செங்கல் பெயர்ந்து தொங்கவும், கொத்தனார் அடுப்பு வாயில் குனிந்து எட்டிப் பார்த்துவிட்டுக் கையை விரித்தார்.

"நாலு நாள் குடுங்க மாஸ்டர். ஆறினாத்தான் உள்ள கை வைக்க முடியும். இல்ல, ஒருநாள் ரொட்டியோட செங்கல்லையும் சேத்து விக்க வேண்டி வரும்."

மாஸ்டர் முகம் சுருங்கிப்போயிற்று. மாடியில் நின்று கேட்டுக்கொண்டிருந்த அவர் மனைவிக்கோ வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது. நாலு நாள்! கடை மூடினால் எங்கேயாவது போகலாம். மாவு வாசம் இல்லாத ஒரு இடத்துக்கு.

அவளைத் தெருவே கல்லாக்காரம்மா என்றுதான் கூப்பிடும். கல்யாணமான மறுமாதம் கல்லாவில் உட்கார்ந்தவள், போன வருஷம் வரைக்கும் எழுந்திருக்கவில்லை. காலையில் ஒடிந்துபோன பன், மத்தியானம் கேக்கின் ஓரம், சாயங்காலம் டீயோடு ரஸ்க் என்று விற்காததெல்லாம் அவள் வயிற்றுக்குத்தான் போகும். அந்த வயிறு அவளைப் படுத்திய பாடு கொஞ்சநஞ்சமா! உப்புசம், பேதி, தலைசுற்றல், வாயெல்லாம் புண். ரத்தம் இல்லை என்று டானிக் கொடுத்தார்கள். பூச்சி என்று மாத்திரை கொடுத்தார்கள். எல்லாம் மனசுதான் என்று ஒரு டாக்டர் சிரித்துக்கொண்டே சொல்லி அனுப்பினார். அவள் முடியாமல் படுக்கும்போதெல்லாம் மாஸ்டரின் அக்கா வந்துவிடுவாள். சும்மா சொல்லக்கூடாது, நாத்தனார் என்றால் அப்படி ஒரு நாத்தனார். பக்கத்தில் உட்கார்ந்து, ரஸ்க்கைச் சூடான பாலில் ஊறவைத்து, குழந்தைக்கு ஊட்டுகிற மாதிரி ஊட்டுவாள். "நோவு வயித்துக்கு இதைவிட சாது எதுவும் கிடையாது, முழுங்கு" என்பாள். இவளும் முழுங்குவாள். மறுநாள் இன்னும் மோசமாகும். நாத்தனார் இன்னும் இரண்டு ரஸ்க் ஊறவைப்பாள்.

கடைசியில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் குழாய் விட்டுப் பார்த்துத்தான் சீலியாக் என்று பேர் சொன்னார்கள். டாக்டரம்மா சின்ன வயசு. "கோதுமை ஆகாதும்மா. மைதா, ரவை எதுவுமே கூடாது. ஒரு துணுக்குகூட. ஆயுசுக்கும்" என்றாள். பிறகு மாஸ்டரைப் பார்த்து, "நீங்க என்ன தொழில் பண்றீங்க?" என்று கேட்டாள். மாஸ்டர் சொன்னதும் அந்தப் பெண் பேனாவை மேஜையில் வைத்துவிட்டாள்.

வெளியே வரும்போது இன்னொன்றும் சொன்னாள். "உங்க பொண்ணுக்கும் ஒரு ரத்தப் பரிசோதனை பண்ணிடுங்க. இது ரத்த சொந்தத்துக்கு வரக்கூடியது."

"பாத்துக்கலாம் டாக்டர்" என்றார் மாஸ்டர்.

மாஸ்டருக்கு அந்த ஒரு சொல்தான். பாத்துக்கலாம். கூரை ஒழுகினாலும் பாத்துக்கலாம், பொண்டாட்டி சுருண்டு விழுந்தாலும் பாத்துக்கலாம். வீட்டுக்கு வந்து அக்காவிடம் சொன்னபோது அவள் அதையும் பிடுங்கிப் போட்டுவிட்டாள். "ஒருத்திக்கு வந்தது போதாதா? வயசுக்கு வந்த புள்ளைக்கு இப்படி ஒரு பேரை ஒட்டிவிட்டா நாளைக்கு எவன் வந்து கேப்பான்? சும்மா இருக்கிற புள்ளையை நோயாளி ஆக்காதீங்கடா." அதோடு அந்தப் பேச்சு முடிந்தது. கல்லாக்காரம்மா மட்டும் இரண்டு தடவை ஞாபகப்படுத்தினாள். பாத்துக்கலாம் என்றே பதில் வந்தது.

அவளைக் கீழே இறங்கவிடுவதில்லை, அவளும் இறங்குவதில்லை. கடையில் காற்றே மாவுதான். மாடியில் அவளுக்கென்று தனிச் சட்டி, தனிக் கரண்டி, தனிச் சல்லடை. எல்லாவற்றின் பிடியிலும் சிவப்பு நூல் சுற்றி வைத்திருந்தாள். மாஸ்டர் மேலே வந்தால் படியிலேயே சட்டையைக் கழற்ற வேண்டும். பாதி நாள் மறந்துவிடுவார். "ஐயய்யோ, மறந்துட்டேன்" என்று சொல்லிக்கொண்டே அவள் தண்ணீர்க் குடத்தில் சொம்பை விடுவார். அவரைச் சொல்லியும் குற்றமில்லை, பிறந்ததிலிருந்து மாவில் புரண்ட மனுஷன். ஆனால் குற்றமில்லை என்று சொல்லிச் சொல்லியே அவளுக்கு அலுத்துவிட்டது. எட்டு மாசமாக ஜன்னலைச் சாத்திக்கொண்டு, கீழேயிருந்து வரும் ரொட்டி வாசத்தை முகர்ந்துகொண்டு, ஜெயில் மாதிரி. தெருவில் போகிறவர்கள் மூக்கை உயர்த்தி "ஆகா" என்பார்கள். அவளுக்குக் குமட்டும். வாயில் எச்சிலும் ஊறும், அதுதான் பெரிய கொடுமை.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் எல்லோரும் மாடியில் உட்கார்ந்து திட்டம் போட்டார்கள். நாத்தனாரும் அவள் புருஷனும் வந்திருந்தார்கள். அவருக்குச் சொந்தமாக வேன் இருந்தது, பள்ளிக்கூடத்துக்குப் பிள்ளைகளை ஏற்றி இறக்குகிற வேன். ஏரிக்கரையில் ஒரு வீடு நாலு நாளைக்கு வாடகைக்குக் கிடைக்கிறது, சமையல்கட்டு உண்டு என்று அவர்தான் விசாரித்து வைத்திருந்தார்.

"சமையல்கட்டு இருக்குன்னா எனக்கு வேற எதுவும் வேண்டாங்கண்ணா" என்றாள் கல்லாக்காரம்மா. "என் சட்டி பானையை எடுத்துக்குறேன். அரிசி பருப்பு எடுத்துக்குறேன். நானே எல்லாருக்கும் பொங்கிப் போட்டுடுறேன்."

"ஊருக்குப் போயும் நீ அடுப்படியிலயா?" என்று நாத்தனார் கையைத் தட்டினாள். "நல்லா இருக்கே கதை! எல்லாரும் ஓட்டல்ல சாப்பிடுவோம். ஒருவேளை ரெண்டுவேளை சோறு பொங்கு, யாரு வேண்டாம்னா."

"ஓட்டல்ல நான் என்ன சாப்பிடுறது அண்ணி?"

"வெறுஞ்சோறு தர மாட்டானா?"

"எந்தக் கரண்டியால போடுறான்னு தெரியாதே."

மகள் கண்ணை உருட்டினாள். பதினாலு வயசு. "அம்மா, போன கல்யாணத்துலயும் இதான் பண்ணின. சமையல்காரரை நிக்க வெச்சு கேள்வி கேட்டு... எல்லாரும் திரும்பிப் பாத்தாங்க. எனக்கு மானமே போச்சு."

"ஏன்டி, நான் கேக்காம தின்னுட்டு வந்து ரெண்டு நாள் கக்கூஸ்லயே கெடந்தேனே முந்தின கல்யாணத்துல, அப்ப போகலையா உன் மானம்?"

வேன்காரர் சிரித்துவிட்டார். அவருக்கு எதற்கெடுத்தாலும் சிரிப்புத்தான். "சரி சரி, வழிச் சாப்பாட்டைப் பேசுவோம். ஏழு மணி நேரம் போகணும். எங்க பசங்க வேற ரெண்டு பேரு, வாய் ஓயாது."

"அதுக்கென்ன கவலை?" என்றாள் நாத்தனார். "கடைசி நாள் ரஸ்க் இருக்கே!"

அடுப்பை ஆறவிடும்போது அந்தச் சூட்டை வீணாக்கக்கூடாது என்பது பேக்கரிக்காரர்கள் வழக்கம். மீந்த ரொட்டியையெல்லாம் அறுத்து அடுக்கி உள்ளே தள்ளிக் கதவை மூடிவிட்டால், இறங்குகிற சூட்டில் மெள்ள மெள்ளக் காய்ந்து, கடையில் விற்கிறதைவிட மணமாக ரஸ்க் ஆகிவரும். அப்பா செத்த அன்றைக்குக்கூட அப்படி ஒரு அடுக்கு ரஸ்க் போட்டார்களாம். வந்தவர்களெல்லாம் டீயோடு தின்றுவிட்டு, அழுதுகொண்டே நன்றாயிருக்கிறது என்றார்களாம்.

"ரஸ்க் மட்டும் வேன்ல வேண்டாம் அண்ணி" என்றாள் கல்லாக்காரம்மா. குரல் தானாக இறங்கிவிட்டது. "கையெடுத்துக் கும்பிடுறேன். வேற என்ன வேணா எடுத்துக்குங்க. பழம் எடுத்துக்குங்க, கடலை எடுத்துக்குங்க. மூடின வண்டிக்குள்ள ஏழு மணி நேரம் நொறுக்குவாங்க. சீட்டுல, துணியில, கையில எல்லாம் அந்தத் தூள்தான். அந்தக் கையாலதான் என் தண்ணி பாட்டிலை எடுப்பாங்க."

"தூளைப் பாத்தா பேதியாகுமா? இது என்னம்மா புது நாடகம்? நான் ஊட்டி நீ தின்ன ரஸ்க் எத்தனை மூட்டை இருக்கும்! அப்ப செத்தா போயிட்ட?"

கல்லாக்காரம்மா புருஷனைப் பார்த்தாள். அவர் தரையைப் பார்த்தார். பிறகு என்ன நினைத்தாரோ, "ரஸ்க் வேன்ல ஏறாது, போதுமா?" என்றார். "எங்க மாவுல அவளுக்கு ஆகாதுன்னா அவளுக்குன்னு நான் தனியா ஒரு ரொட்டி போடுறேன். அரிசி மாவுல. புது டின், புதுச் சல்லடை. வழிக்கு அதைத் தின்னுக்கட்டும்."

ரொட்டி! இந்த எட்டு மாசத்தில் இந்த மனுஷன் அவளுக்கென்று செய்வதாகச் சொன்ன முதல் காரியம். அழுகையை மறைக்க எழுந்துபோய் டம்ளர்களைக் கழுவினாள்.

"பாத்துக்க, என் தம்பி உன்னை எப்படித் தாங்குறான்னு" என்றாள் நாத்தனார்.

அதிலிருந்து கல்லாக்காரம்மாவுக்குக் கால் தரையில் பாவவில்லை. அரிசியை ஊறவைத்து, உலர்த்தி, இடித்து, சிவப்பு நூல் கட்டிய சல்லடையில் தானே சலித்தாள். பையில் சட்டி, கரண்டி, தட்டு எல்லாம் துணி சுற்றி எடுத்து வைத்தாள். ஏரிக்கரையில் ஜன்னலைத் திறந்து போட்டுப் படுக்கலாம் என்று மகளிடம் திரும்பத் திரும்பச் சொன்னாள்; மகள், "அம்மா, பத்தாவது தடவை" என்று சிரித்தாள். ஆனால் அன்றைக்குச் சோற்றில் பாதியைத் தள்ளிவைத்துவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டாள் மகள். "ஒண்ணும் இல்லம்மா, பரீட்சை டென்ஷன்" என்றாள். பரீட்சை முடிந்து ஒரு வாரம் ஆகியிருந்தது.

கடைசி நாள் காலை வியாபாரம் முடிந்ததும் மாஸ்டர் கடையை ஈரத்துணியால் துடைத்தார். மேஜையைச் சுரண்டிக் கழுவினார். அடுப்பின் தரையை நனைந்த சாக்கால் இழுத்து இழுத்துத் துடைத்தார். வேறு சட்டை போட்டுக்கொண்டு, சோப்புப் போட்டு முழங்கை வரைக்கும் கழுவிவிட்டு, மாடியைப் பார்த்துக் கூப்பிட்டார்.

"இறங்கி வா, வந்து பாரு!"

அவள் மூக்கில் துணியைக் கட்டிக்கொண்டு இறங்கி வந்தாள். எட்டு மாசம் கழித்து அந்த வாசற்படி. தான் உட்கார்ந்த நாற்காலியில் வேறு யாரோ உட்கார்ந்து குழியாக்கியிருந்தார்கள். உள்ளே வராமல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நாத்தனாரும் மகளும் ரஸ்க்குக்கு ரொட்டி அறுப்பதை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள்.

மாஸ்டர் வேலை செய்வது பார்க்க அழகாயிருக்கும், அது என்னவோ உண்மை. அரிசி மாவைப் புதுப் பாத்திரத்தில் கொட்டி, முட்டையை ஒற்றைக் கையால் உடைத்து, பசையாக அடித்துக் கரைத்தார். "இதுல இழுப்பு இல்ல. பிசைஞ்சா வராது, கரைச்சுத்தான் ஊத்தணும்" என்று பள்ளிக்கூடப் பையன் மாதிரி விளக்கம் வேறு. புது டின்னைப் பிரித்தார். உள்ளே எண்ணெய் தடவினார், மூலையெல்லாம் விரல் விட்டுத் தடவினார். பிறகு அவருடைய வலது கை தன்பாட்டுக்கு மேஜையடிக்குப் போய், அங்கே எப்போதும் இருக்கிற கிண்ணத்திலிருந்து ஒரு பிடி மைதாவை எடுத்து, டின்னுக்குள் தூவி, டின்னைச் சாய்த்துச் சுற்றி, குப்புறத் தட்டி உதறியது.

ரொட்டி ஒட்டாமலிருக்க எந்த மாஸ்டரும் செய்கிற வேலை. ஒருநாளைக்கு எத்தனை டின்னோ, அத்தனை தடவை. அவர் அதைச் செய்ததே அவருக்குத் தெரியாது. பேசிக்கொண்டே கரைசலை ஊற்றினார். நாத்தனாரும் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். அவளும் இந்த வீட்டில் பிறந்தவள்தானே, டின்னுக்கு மாவு தூவுவது அவள் கண்ணுக்கு மூச்சு விடுகிற மாதிரி. மகளும் அப்படித்தான்.

கல்லாக்காரம்மா அதைப் பார்த்துவிட்டாள். வாய் வரைக்கும் வந்துவிட்டது. ஆனால் அவள் சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை என்று அப்புறம் எத்தனையோ தடவை தன்னையே கேட்டுக்கொண்டாள். எப்போதும் நான்தானே சொல்கிறேன்? சட்டையைக் கழற்றுங்க, கையைக் கழுவுங்க, கரண்டியை மாத்துங்க. இந்த ஒரு தடவை அவராகப் பார்க்கட்டும். அடுப்புக்குள் தள்ளுவதற்குள் பார்க்கமாட்டாரா? கதவை மூடுவதற்குள்? அவள் நிலையை இறுகப் பிடித்துக்கொண்டு காத்திருந்தாள். அவர் கதவை மூடிவிட்டுக் கையைத் தட்டிக்கொண்டார்.

ரொட்டி வெளியே வந்தது. பொன்னிறமாக, மேலே இலேசாக வெடித்து. மாஸ்டர் டின்னைக் கவிழ்த்தார். கழன்று விழுந்தது.

"பாத்தியா! ஒட்டவே இல்ல! அரிசி மாவுன்னா பிடிச்சுக்கும்பாங்க, பாரு, வழுக்கிக்கிட்டு வருது!"

"ஏன் ஒட்டலைன்னு யோசிச்சீங்களா?" என்றாள் அவள்.

மாஸ்டர் முகத்தில் சிரிப்பு அப்படியே நின்றது. டின்னைத் திருப்பிப் பார்த்தார். விளிம்போரமாக வெள்ளை ஒட்டிக்கொண்டிருந்தது. தன் கையைப் பார்த்தார். மேஜையடிக் கிண்ணத்தைப் பார்த்தார்.

"ஐயய்யோ" என்றார்.

"என்னடா?" என்றாள் நாத்தனார். விஷயம் புரிந்ததும், "இவ்வளவுதானே! அடியில ஒரு சிட்டிகை. ஓரத்தைச் சீவிட்டுத் தின்னா ஆச்சு" என்றாள்.

"சீவினா போகாது அண்ணி."

"அப்ப நீ பாத்தியா? தூவும்போதே பாத்தியா?" மாஸ்டரின் குரல் மாறிவிட்டது.

"பாத்தேன்."

"பாத்துக்கிட்டு நின்னியா? வாயில என்ன கொழுக்கட்டையா இருந்துச்சு? ஒரு வார்த்தை சொன்னா கொட்டிட்டு வேற டின்னு எடுத்திருப்பேன்ல!"

"நீங்களே பாப்பீங்கன்னு நின்னேன்."

"ஓ! சோதிச்சுப் பாத்தியா என்னை? காலையிலேருந்து கழுவிக் கழுவிக் கை தோலு உரிஞ்சுபோச்சு. அதெல்லாம் தெரியல. ஒரு தப்பு எங்கடா கிடைக்கும்னு நின்னிருக்க!"

"அம்மா, நீ சொல்லியிருக்கலாம்ல?" என்றாள் மகள். அழுதுவிடுவாள் போலிருந்தது. "எப்பவும் சொல்லுவ. இன்னிக்கு மட்டும் ஏம்மா சொல்லல?"

கல்லாக்காரம்மா மூக்குத் துணியை அவிழ்த்தாள். தப்பு யாருடையது என்று இப்போது முடிவாகிவிட்டது. "மாவு கொஞ்சம் இருக்கு. திரும்ப ஒண்ணு போடலாமா?" என்று மட்டும் கேட்டாள்.

"சூடு இறங்கிருச்சு. இனி ரஸ்க்குதான் காயும்" என்றார் மாஸ்டர், அவள் முகத்தைப் பார்க்காமல். "விடு. அங்க போய்ப் பாத்துக்கலாம்."

மறுநாள் விடிந்ததும் வேன் வாசலில் நின்றது. அவள் தன் பையைத் தூக்கிக்கொண்டு இறங்கினாள். என்ன இருந்தாலும் போய்விடுவது என்றுதான் இறங்கினாள். ஏரிக்கரையில் ஜன்னல் இருக்கிறது, காற்று இருக்கிறது. வேனின் பின்கதவு திறந்திருந்தது. பெட்டிகளுக்கு மேலே மூன்று ரஸ்க் டின் ஏறியிருந்தது. நாலாவது டின் திறந்து நாத்தனார் பையன்கள் மடியில் இருந்தது. இரண்டு பேரும் கறுக் கறுக்கென்று கடித்துக்கொண்டிருந்தார்கள். அவளுடைய சீட்டெல்லாம் தூள்.

அவள் மாஸ்டரைப் பார்த்தாள்.

"அக்கா ஏத்திட்டா. மூடித்தான் இருந்துச்சு. இவனுங்கதான்..." என்று அவர் தலையைச் சொறிந்தார். "சீட்டைத் தட்டிவிட்டுடுறேன். உக்காரு. காலங்காத்தால பிரச்சினை பண்ணாத."

"நான் வரல. நீங்க போயிட்டு வாங்க."

"நீ வரலைன்னா நாங்களும் போகல" என்றார் மாஸ்டர். சொன்ன வேகத்திலேயே அக்காவைத் திரும்பிப் பார்த்தார்.

"வாடகையெல்லாம் குடுத்தாச்சு. புள்ளைங்க ஆசையா கெளம்பிருச்சுங்க" என்றாள் நாத்தனார். "அவளுக்கு இஷ்டமில்லைன்னா கையைக் கட்டியா கூட்டிட்டுப் போக முடியும்?" பிறகு இறங்கி வந்து அவள் தோளைத் தொட்டு, மெய்யாகவே இரக்கமாக, "நீ நிம்மதியா ரெஸ்ட் எடு. இங்கேயே இருந்தா உனக்கும் தொந்தரவில்ல" என்றாள்.

மகள் ஜன்னலோரம் உட்கார்ந்து அம்மாவைப் பார்த்தாள். கை காட்டலாமா கூடாதா என்று தெரியாத முகம். "போயிட்டு வாடி" என்றாள் கல்லாக்காரம்மா. "தலைக்குத் துணி கட்டிக்க, காத்தடிக்கும்." வேன் கிளம்பியது.

அன்று முழுவதும் அவள் வாய் ஓயாமல் திட்டிக்கொண்டே வேலை செய்தாள். கடையைத் தண்ணீர் ஊற்றி அலசித் தள்ளினாள். அலமாரி, தராசு, கல்லா ஒன்றையும் விடவில்லை. உள்சூடு ஆறும்வரை அடுப்பின் வெளிச் செங்கல்லை உளியால் தட்டிக்கொண்டிருந்த கொத்தனார், "என்னம்மா, நான் போடுற தூசிக்கு நீங்க கூட்டுறதுக்கு அர்த்தமே இல்லையே" என்றார். "உங்க தூசி என்னைக் கொல்லாதுங்க" என்றாள் அவள். சாயங்காலம் மாடி ஜன்னலைத் திறந்து போட்டாள். உள்ளே காற்று வந்தது. சுண்ணாம்பும் ஈரச் செங்கல்லும் மணத்தது, மாவு வாசமே இல்லை. அவள் ஆசைப்பட்டதென்னவோ கிடைத்துவிட்டது, அவளுடைய அதே வீட்டிலேயே, தன்னந்தனியாக. சோற்றைத் தட்டில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தவளுக்கு ஒரு வாய்கூட இறங்கவில்லை.

மூன்றாம் நாள் காலையில் போன் வந்தது. மகள்தான்.

"அம்மா... நீ வந்திருக்கலாம்மா."

"என்னடி குரல் இப்படி இருக்கு?"

"வயிறு வலிக்குதும்மா. வந்ததிலேருந்தே. உப்பிக்கிட்டு... நேத்திலேருந்து பேதி. வாயெல்லாம் புண்ணு."

"எத்தனை நாளாடி? நெஜத்தைச் சொல்லு. எத்தனை நாளா இப்படி?"

"ரொம்ப நாளாம்மா. சொன்னா அத்தை உன்னைத்தான் திட்டுவாங்க. அப்பாவும் பாத்துக்கலாம்பாரு. அதான் சொல்லல."

"சாப்பிட என்ன குடுத்தாங்க?"

"வேற ஒண்ணும் இல்லம்மா. அத்தைதான் பக்கத்துலயே உக்காந்து பாத்துக்குறாங்க. பால்ல ரஸ்க் ஊறவெச்சு ஊட்டிவிடுறாங்க."

அவள் போட்ட கூச்சலில் கீழே கொத்தனாரின் உளிச் சத்தம் நின்றுவிட்டது. "அப்பாகிட்ட குடு! அப்பாகிட்ட குடுடி போனை!"

மாஸ்டர் போனை வாங்கினார். இப்போது அவள் கத்தவில்லை, அழவில்லை. எனக்கு எப்படி ஆரம்பித்ததோ அப்படியே இவளுக்கு என்று மட்டும் சொன்னாள். டாக்டரம்மா சொன்னதை ஞாபகப்படுத்தினாள். பாத்துக்கலாம் என்று சொல்லப்போகிறார் என்று பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள்.

"அக்கா!" என்று மாஸ்டர் போனிலேயே அலறினார். "கிண்ணத்தைக் கீழ வை! இன்னொரு வாய் குடுத்த, நடக்கிறதே வேற!"

"என்னடா கத்துற? நோவு வயித்துக்கு..."

"வைன்னா வை! மாமா, வேன்ல இருக்கிற டின்னு எல்லாத்தையும் தூக்கிக் குப்பையில கொட்டுங்க. ஒண்ணு பாக்கியில்லாம கொட்டுங்க. சீட்டையெல்லாம் கழுவுங்க. என் புள்ளை அதுல உக்காரணும்!" ஏதோ உருண்டு விழுகிற சத்தம் கேட்டது. பிறகு அவளிடம், மூச்சு வாங்க, "நாங்க இப்பவே கெளம்புறோம். நேரா ஆஸ்பத்திரிக்குப் போறோம். நீ உன் சட்டியிலயே அவளுக்கும் கொஞ்சம் கஞ்சி வெச்சிரு, என்ன?" என்றார்.

"வெக்கிறேன்" என்றாள் அவள்.

போனை வைத்துவிட்டுச் சுவரில் சாய்ந்தாள். ஒரு மூச்சில்! ரஸ்க்கை ஏற்ற வேண்டாமென்று அவள் கையெடுத்துக் கும்பிட்டாளே, அதெல்லாம் ஒரு மூச்சில் குப்பைக்குப் போய்விட்டது. இந்த மனுஷனுக்குக் கத்தத் தெரியும். அக்காவை எதிர்த்துப் பேசத் தெரியும். வேன் சீட்டைக் கழுவச் சொல்லத் தெரியும். எல்லாம் தெரிந்துதான் எட்டு மாசம் சும்மா இருந்திருக்கிறார்.

கொத்தனார் படியேறி வந்து பாதியிலேயே நின்றார். "என்னம்மா, ஏதும் கெட்ட சேதியா?"

"எம்பொண்ணும் என்னை மாதிரியேதாங்க" என்றாள்.

அவருக்கு ஒன்றும் புரியவில்லை. நல்ல விஷயம்தான் என்று நினைத்துக்கொண்டு, "அப்புறமென்ன, நல்லதுதானே" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார்.

அவள் அடுப்பில் அரிசியைப் போட்டாள். அலமாரியிலிருந்து மகளுடைய தட்டையும் டம்ளரையும் கரண்டியையும் எடுத்தாள். சுடுதண்ணீர் ஊற்றி ஒருமுறை கழுவினாள், போதாதென்று இன்னொரு முறை கழுவினாள். பெட்டியிலிருந்து சிவப்பு நூல்கண்டை எடுத்து, கரண்டியின் பிடியில் முடிச்சுப் போட்டாள். முடிச்சு நிற்கவில்லை.

"வேண்டாம்டி கண்ணு, இது உனக்கு வேண்டாம்டி" என்று அழுதுகொண்டே, திரும்பவும் சுற்றி, பல்லால் இழுத்து இறுக்கினாள்.